யூரின் பையைத் தரையில் வைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை

அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. யூரின் டியூபோடு பள்ளத்தூர் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கோட்டை விட்டது அந்த டியூபில்தான்.

டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டுவதிலேயே பாதி நாள் போனது. டியூபை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து வந்த பெண் காரில் பையைத் தூக்கி அம்மா மடியில் வைத்தார். வீட்டில் கட்டிலுக்கு அடியில், ஆத்தங்குடிக் கல் மேல் போட்டார். துடைத்த தரைதானே என்று நானும் இருந்துவிட்டேன். இரண்டுமே தப்பு. பை சிறுநீர்ப்பைக்குக் கீழே இல்லாவிட்டால் வெளியே வந்த யூரின் திரும்ப உள்ளே போகலாம். தரையில் பட்டால் அடித்திறப்பில் கிருமி ஒட்டும். கட்டில் சட்டத்தில், தரை படாமல் தொங்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல். என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்று அம்மா கேட்டபோது ஆடிப்போனேன். வயதானவர்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தால் இப்படிக் குழப்பமும் வரும் என்று அப்போது தெரியாது.

பையிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு காரைக்குடிக்கு ஓடினேன். லேபில் எதுவும் கேட்காமல் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். டாக்டர்தான், "பையில் தேங்கினது கல்ச்சருக்கு ஆகாது" என்றார். கல்ச்சர் என்றால் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை. அடுத்த கேள்வி: "டியூப் என்னைக்குப் போட்டது? லேட்டக்ஸா, சிலிகானா?" டிஸ்சார்ஜ் தாளில் இரண்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாலு பேரிடம் கெஞ்சிய பிறகுதான் தேதி கிடைத்தது. தயவுசெய்து டியூப் போட்ட தேதி, வகை, அளவு மூன்றையும் எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

அன்று மாலையே அம்மாவைக் கொண்டுபோனோம். டியூபை மாற்றி, புதிய டியூபிலிருந்து சாம்பிள் எடுத்து, அதற்குப் பிறகுதான் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். ஊசியை முதலில் போட்டால் கல்ச்சரில் கிருமி தெரியாமல் போகலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வந்த சிஸ்டரை மறக்க மாட்டேன். பத்து நிமிஷம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பையைக் காலி செய்த அதே கையுறையோடு ஏஜென்சிப் பெண் கஞ்சி ஊட்டப் போனதும் தடுத்தார். கையுறை ஒரு வேலைக்கு ஒன்று, கழற்றியதும் கை கழுவ வேண்டும், சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி என்றார். எங்கள் வீட்டில் குழாய் பின்னால், இரண்டாம் கட்டுப் பகுதியில். அவ்வளவு தூரம் யார் ஒவ்வொரு தடவையும் நடப்பார்கள்? அன்றே அறை வாசலில் குழாய் வைத்த டிரம்மும் சோப்பும் வைத்தேன். விசாரிக்க வந்து கட்டிலில் உட்காரும் ஆச்சிமாரையும் கை கழுவச் சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார். பரவாயில்லை.

அப்புறம், பை முக்கால் நிறையும் முன் காலி செய்யுங்கள். திறப்பு மக்கில் படக் கூடாது. டியூபையும் பையையும் நடுவில் கழற்றவே கூடாது. டியூபைச் சுற்றித் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் நானே கேட்டேன்: "இந்த டியூப் இன்னும் வேணுமா?" யோசித்துப் பார்த்து, அன்றே எடுத்துவிட்டார். சாயங்காலம் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கமோடு நாற்காலியில் தானே உட்கார்ந்தார். பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.