லியோனில் சுயதொழிற்பதிவை மூடிய நாட்கள்

2024 செப்டம்பர் 28

ஐந்து ஆண்டுகளாகப் பிரெஞ்சு இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பிழைத்து வந்த 'மிக்ரோ ஆந்த்ரப்ரனர்' என்னும் சுயதொழிற்பதிவை இந்த ஆண்டோடு முடித்துக்கொள்வதென்று தீர்மானித்துவிட்டேன். ஜனவரியில் மாதச் சம்பள வேலை தொடங்குகிறது. சம்பளத்தோடு இதையும் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறதென்றாலும், வேலையே வராத பதிவுக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. என் வசிப்பு அட்டை குடும்ப அடிப்படையில் கிடைத்தது என்பதால் தொழிலை மூடுவதால் அதற்குக் கேடில்லை. சுயதொழிலைக் காட்டியே அட்டை பெற்றவர்கள் மட்டும், எதையும் மூடுவதற்கு முன்னால் பிரிஃபெக்துர் என்னும் மாவட்ட அரசு அலுவலகத்தில் அட்டையின் வகையை மாற்றிக்கொள்வது பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

2024 அக்டோபர் 30

மூன்றாம் காலாண்டின் விற்றுமுதலை, சமூகப் பாதுகாப்புச் சந்தா வசூலிக்கும் உர்சாஃப் அமைப்பின் தளத்தில் அறிவிக்க நாளை கடைசி நாள், இன்றே முடித்துவிட்டேன். இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் ஏப்ரல் கெடுவைத் தவறவிட்டுப் பட்ட சூடு. ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் ஒரு யூரோகூட வரவில்லை. வராத பணத்துக்கு என்ன அறிவிப்பு என்று இருந்துவிட்டேன். அறிவிக்காதவரின் வருமானத்தை அவர்களே மதிப்பிட்டுச் சந்தா கணக்கிடுவார்கள் என்பதும், அந்த மதிப்பீடு நம் பையைப் பார்த்துச் செய்யப்படுவதில்லை என்பதும், கடிதமும் அபராதமும் வந்த பிறகுதான் உறைத்தன. காரைக்காலிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இங்கே கணக்கெழுதும் பெரியவரிடம் புலம்பியபோது, "பணம் வரலன்னாலும் சைபர்னு போட்டு அனுப்பணும்மா, அனுப்பாம இருந்தா அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். அன்றிரவே பூஜ்ஜியத்தை அறிவித்து மதிப்பீட்டை ரத்துசெய்ய முடிந்தது. அபராதம் மட்டும் என் அசட்டைக்கு விலையாக நின்றது.

தொடர்ந்து 24 மாதங்கள் பூஜ்ஜியம் காட்டினால் இந்த நிலை தானாகவே பறிபோய்விடும், அதுவரை சும்மா இரு என்று ஒரு தோழி சொன்னாள். எட்டுக் காலாண்டுகள் மறக்காமல் பூஜ்ஜியம் அனுப்புவதைவிட ஒரே நாளில் மூடுவது எளிது.

2024 நவம்பர் 26

சே.எஃப்.ஈ என்னும் தொழில்மனை வரிக்கான அறிவிப்பு, வரித்துறைத் தளத்தில் தொழிலுக்கென்று தனியாக இருக்கும் கணக்கில் வந்து கிடக்கிறது. தபாலில் வராது, நாமே போய்ப் பார்க்க வேண்டும். 227 யூரோ. ஆண்டு விற்றுமுதல் 5,000 யூரோவைத் தாண்டாதவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர்கள் பார்ப்பது இரண்டாண்டுகளுக்கு முந்தைய கணக்கை. 2022 எனக்கு நல்ல ஆண்டு! டிசம்பர் 15 ஞாயிறாக இருப்பதால் 16 வரை தவணை இருக்கிறது.

இந்த வரி ஜனவரி 1 அன்று தொழிலில் இருப்பவர்மீது விழுவது. இடையில் மூடினால் எஞ்சிய மாதங்களுக்குக் குறைக்கக் கேட்கலாம். டிசம்பர் 31 என்றே தேதியிட்டு மூடிவிட்டால், அடுத்த ஆண்டுக்கு இந்தப் பேச்சே இல்லை. ஆக, தேதி முடிவாகிவிட்டது.

2024 டிசம்பர் 27

ஒரு வாடிக்கையாளர் செப்டம்பர் மாதத்து 640 யூரோவை இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு இன்று அனுப்பினார். நம் கணக்கில் விற்றுமுதல் என்பது விலைப்பட்டியல் எழுதிய நாளில் அல்ல, பணம் கைக்கு வந்த நாளில் பிறக்கிறது. மூடிய பிறகு வந்து சேரும் பணம் வீண் தலைவலி என்பதால்தான் இவ்வளவு துரத்தினேன்.

2025 ஜனவரி 9

மூடிய 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 2023 முதல் இன்பி என்னும் தேசியத் தொழிற்சொத்துரிமை நிறுவனம் நடத்தும் ஒற்றைச் சாளரத் தளத்தில்தான் எல்லாம், கட்டணம் கிடையாது. நிறுத்திய தேதி என்ற கட்டத்தில் 31/12/2024 என்று இட்டு, மின்கையொப்பம் இடும் பக்கத்தில் நெடுநேரம் விரலைப் பொத்தானுக்கு மேலேயே வைத்திருந்தேன். பிறகு உர்சாஃபில் கடைசிக் காலாண்டின் 1,480 யூரோவை அறிவித்தேன். 23.1 விழுக்காடு சந்தாவும் 0.2 விழுக்காடு பயிற்சி நிதியும் சேர்ந்து 345 யூரோ ஆயிற்று. ஜூன் வரை 21.1 ஆக இருந்த விழுக்காடு இந்த ஜனவரியில் 24.6 ஆகியிருக்கிறது.

2025 பிப்ரவரி 3

மூடிய சான்று வந்துவிட்டது. பதினான்கு இலக்கச் 'சிரே' எண் முடிந்தது. ஆனால் அதன் முதல் ஒன்பது இலக்கங்கள் ஆளுக்கு உரியவை. என்றேனும் மறுபடி தொழில் தொடங்கினால் அதே எண்தான் எழுந்து வருமாம்.

2025 பிப்ரவரி 20

வருமான வரிக்கும் 60 நாள் கெடு உண்டு. வழக்கமான ஆண்டு அறிவிப்புக்காக இணையதளம் திறக்கும்வரை காத்திருக்க முடியாது என்பதால் காகிதப் படிவத்தையே நிரப்பினேன். 2024-இன் மொத்தம் 6,900 யூரோ; செலவுக்கென்று அவர்களே 34 விழுக்காட்டைக் கழித்துக்கொள்ள, வரிக்கு உட்படுவது 4,554.

2025 மார்ச் 8

மூவண்ணக் கோடும் பார்கோடுமாக ஒரு கடிதம், 'பதிவேட்டு நீக்கக் கட்டணம்' என்று 180 யூரோ கேட்கிறது. பதிவு தொடங்கியபோதும் இப்படி ஒன்று வந்து, ஏமாற இருந்தேன். அடியில், எறும்பு போன்ற எழுத்தில், இது விருப்பத்தின்பேரில் செலுத்தும் விளம்பரச் சேவை என்று இருக்கிறது. கிழித்துப் போட்டேன்.

விலைப்பட்டியல்களைப் பத்தாண்டு காலம் காக்க வேண்டும். கட்டடத்தின் நிலவறையில், பழைய தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியை வைத்து, மேலே '2034 முடியும்வரை' என்று எழுதிவிட்டு வந்தேன்.