ஒன்றரை டன் என்று மட்டும் கேட்காதீர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் ஏசி கடைகளில் கூட்டம் கூடிவிடும், அங்கே எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "ஒரு டன் போதுமா, ஒன்றரை வேணுமா?"

இந்த டன்னுக்கு அடியில் இருப்பது பி.டி.யூ., அதாவது பிரிட்டிஷ் தெர்மல் யூனிட் என்ற பழைய வெப்ப அளவு. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடேற்றத் தேவைப்படும் வெப்பம், சுமார் 1,055 ஜூல். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஐஸ் கட்டிகளை அடுக்கித்தான் குளிரூட்டினார்கள், அப்புறம் மெஷின் வந்தபோது அது எத்தனை டன் ஐஸுக்குச் சமம் என்று பார்த்தார்கள். ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பி.டி.யூ. வேண்டும்; அவர்கள் டன்னுக்கு 2,000 பவுண்டு; அது 24 மணி நேரத்தில் உருகுவதாக வைத்து வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யூ. வரும். அதுதான் ஒரு டன், அதாவது ஏறக்குறைய 3.5 கிலோவாட்.

பாடப்புத்தகத்தில் எப்போதோ ஜூல் வந்துவிட்டது. பிரிட்டனிலேயே வீட்டு காஸ் பில் கிலோவாட் மணிக்கு மாறிவிட்டது. ஆனால் நம் நாட்டில் எடுக்கும் இயற்கை எரிவாயுவுக்கு அரசு அறிவிக்கும் விலை இன்றும் பத்து லட்சம் பி.டி.யூ.வுக்கு இத்தனை டாலர் என்றுதான் வருகிறது.

அது வியாபாரிகள் பாடு, விடுங்கள். ஏசியில்தான் நம் காசு இருக்கிறது. ஒன்றரை டன் என்றால் கணக்குப்படி 5,275 வாட் வர வேண்டும்; ஆனால் அந்தப் பெயரில் விற்கும் பெட்டிகளின் ஸ்டார் லேபிளைக் குனிந்து படித்தால் சிலவற்றில் 5,000-க்கும் கீழே போட்டிருக்கும். மேலே மொட்டை மாடி, நாள் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், மே மாத இரவு என்று இருக்கும் அறைக்கு அந்த வித்தியாசம் சின்னதில்லை.

5,000 வாட் என்றதும் கரண்ட் பில்லை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அது அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம். ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறது, அதனால் முழு வேகத்தில் ஓடும்போதும் இழுக்கும் மின்சாரம் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். லேபிளில் ஐசீர் என்று ஒரு எண்ணும் இருக்கும்; செலவாகும் மின்சாரத்தைப்போல எத்தனை மடங்கு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பதற்கான வருடக் கணக்கு அது, கூடுதலாக இருந்தால் நல்லது.

கடையில் நின்று இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, டன் இருக்கட்டும், கூலிங் கெப்பாசிட்டி எத்தனை வாட்?" அவர் சொல்வதை லேபிளோடு ஒத்துப் பார்த்துவிட்டு, விலையை அப்புறம் பேசுங்கள்.