டைம்லைன் நாட்குறிப்பு: 1920 × 1080

மார்ச் 3, செவ்வாய்

வீடியோவில் ஜூம் செய்யும் முகம் மங்கலாகவே இருக்கிறது. புகைப்படத்தின் ஸ்கேன் 6000 × 4000, அதை வைக்கும் வீடியோ டைம்லைன் 1920 × 1080. இத்தனை பிக்சல் கையில் இருந்தும் இமை முடி தெரியவில்லை. நடுவில் எங்கோ அவை கொட்டிப் போகின்றன.

மார்ச் 4, புதன்

பிடிபட்டுவிட்டது. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளின் இந்தப் பதிப்பில் கிளிப்பை ரைட் கிளிக் செய்தால் 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்', 'செட் டு ஃப்ரேம் சைஸ்' என்று இரண்டு வருகின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவது படத்தை முன்கூட்டியே 1620 × 1080 ஆகச் சுருக்கிவிட்டு, அதற்கு 100% என்று பெயர் வைக்கிறது. அதன்மேல் 300% ஜூம் போட்டால் சுருங்கிய படம்தான் மூன்று மடங்கு இழுபடும். இரண்டாவது படத்தைத் தொடாமல் ஸ்கேல் மதிப்பை மட்டும் 27 ஆக்குகிறது (1080 / 4000). அதே ஜூம் இப்போது 27 × 3 = 81. நூறைத் தாண்டவில்லை, ஆகவே அசல் பிக்சல்களே வருகின்றன.

'ஸ்கேல்' டிக்கை எடுத்துவிட்டு, கீஃப்ரேம்களில் (எந்த விநாடியில் எந்த மதிப்பு என்ற குறிகள்) 100, 300 என்று இருந்ததை 27, 81 என்று அடித்தேன். இமை முடி தெரிகிறது.

மீடியா பிரிஃபரன்ஸில் 'டீஃபால்ட் மீடியா ஸ்கேலிங்' இனி 'செட்' மட்டுமே. ஆனால் அது புதிதாக இம்போர்ட் செய்பவற்றுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே உள்ள 140 படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

62 முடிந்தது. எந்த அளவில் வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மார்ச் 6, வெள்ளி

எல்லாப் படங்களையும் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) மாற்றித் தரட்டுமா என்று படம் தருபவர்கள் மறுபடியும் கேட்கிறார்கள். வேண்டாம். வீடியோவுக்கு டிபிஐ என்று ஒன்று கிடையாது. 72 என்றாலும் 300 என்றாலும் 6000 பிக்சல் 6000 பிக்சல்தான்.

3:2 படத்தை 16:9க்குள் முழுசாக வைத்தால் இரண்டு பக்கமும் 150 பிக்சல் கறுப்பு. 32%க்கு ஏற்றினால் கறுப்பு போய்விடும், ஆனால் உயரம் 1280 ஆகி மேலே 100, கீழே 100 வெட்டுப்படும். குழுப் படங்களில் அந்த மேல் 100 பின்வரிசைக்காரர்களின் தலை. படத்தைக் கீழே இறக்கி, முழு 200ஐயும் கால் பக்கத்திலேயே வெட்டுகிறேன். தலைக்குப் பதில் செருப்பு போகட்டும்.

மார்ச் 7, சனி

செங்குத்து மொபைல் கிளிப்பின் ஓரத்தில் ஒரு கோடு.

இரு பக்கக் காலியிடத்தை நிரப்பும் பின்னணிக்கு அதே கிளிப்பின் நகல், 178%, அதை மங்கலாக்கக் காஷியன் பிளர். 'ரிப்பீட் எட்ஜ் பிக்சல்ஸ்' டிக் இல்லாவிட்டால் பிளர் ஓரத்தில் வெறுமையையும் சேர்த்துக் குழைத்துவிடும், இடமும் வலமும் இருட்டும். அதைச் சரிசெய்தாயிற்று. கோடு போகவில்லை.

மார்ச் 8, ஞாயிறு. இரவு 2 மணி

607.5! 1080 × 1920 கிளிப்பை 56.25%க்குக் குறைத்தால் அகலம் 607.5. ஓரங்கள் 656.25, 1263.75 என்று பிக்சலின் நடுவில் விழுகின்றன. முக்கால் கிளிப், கால் பின்னணி என்று கலந்த ஒரு வரிசை, அதுதான் கோடு. 56.3 போட்டேன். அகலம் 608, உயரத்தில் ஒரு பிக்சல் வெளியே போகிறது, யாருக்கும் தெரியாது. ஓரம் கத்தி வைத்து நறுக்கியதுபோல் இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

பழைய டேப், பால் (PAL) வீடியோ முறை, 720 × 576. எல்லோரும் மெலிந்துபோய் நிற்கிறார்கள். பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோவை (ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) சதுரம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டதால் வந்தது. இன்டர்ப்ரெட் புட்டேஜில் 1.0940 கொடுத்ததும் அகலம் 788க்குச் சமமாகி முகங்கள் திரும்ப வந்தன. இதைச் செய்யாமல் அகலத்தை மட்டும் கண் அளவில் இழுப்பவர்கள் உண்டு. அது ஒவ்வொரு கிளிப்பிலும் ஒவ்வொரு மாதிரி வரும்.

அதன் பிறகு 1080 உயரத்துக்கு 187.5%. அதற்கும் முன்னால் டீஇன்டர்லேஸ், அதாவது ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று ஒரே ஃப்ரேமில் பின்னியிருக்கும் இரண்டு ஃபீல்டைப் பிரிப்பது. வரிசை மாறக் கூடாது. இரண்டு ஃபீல்டையும் பிரிக்காமல் பெரிதாக்கினால் கையசைவில் விழும் சீப்புப் பற்களும் சேர்ந்து பெரிதாகிக் குழைந்துவிடும், அப்புறம் எடுக்கவே முடியாது. DV (டிஜிட்டல் வீடியோ) டேப் என்றால் கீழ் ஃபீல்ட் முதலில். மாற்றிக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னும் துடிக்கும்.

ஓரத்தில் மறுபடியும் கோடு. இது வேறு கோடு, டேப்பிலேயே இருக்கும் கறுப்பு, பக்கத்துக்கு 8 பிக்சல் போல. கிராப்பில் இடம் 1.1%, வலம் 1.1%.

மார்ச் 10, செவ்வாய்

முகத்தின் ஜூம் வேகமாகத் தொடங்கிக் கடைசியில் சோர்ந்து போகிறது. 8 விநாடியில் 27லிருந்து 81. விநாடிக்கு 6.75 கூடுகிறது, கூட்டல் சமம்தான். ஆனால் கண் பெருக்கலைத்தான் பார்க்கிறது. முதல் விநாடியில் படம் 25% வளர்கிறது, கடைசி விநாடியில் 9%தான். 2ஆம் விநாடியில் 35.5, 4இல் 46.8, 6இல் 61.5 என்று கீஃப்ரேம் வைத்தேன். மூச்சு சீரானது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இதற்கென்றே 'எக்ஸ்போனென்ஷியல் ஸ்கேல்' இருக்கிறது.

மார்ச் 11, புதன்

சட்டைத் துணியின் நெசவு மினுமினுக்கிறது. 1 பிக்சல் பிளர். போதும். இமை முடி தப்பியது.

மார்ச் 12, வியாழன்

பதில் வந்தது. 3840 × 2160 வேண்டுமாம்.

சீக்வென்ஸை மாற்றியதும் எல்லாப் படங்களும் நடுவில் கால்வாசியாகச் சுருங்கி நிற்கின்றன. 'ஸ்கேல்' போட்டிருந்தால் தானாகவே நிரம்பியிருக்கும். அதில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. எல்லா மதிப்பையும் இரட்டிப்பாக்க வேண்டும், 27க்கு 54, 32க்கு 64.

முகத்துக்கு 81க்கு 162.

இந்தத் தடவை எந்தப் பொத்தானும் உதவாது, பிக்சலே இல்லை. 100%இல் நிறுத்தினால் ஜூம் மூன்று மடங்கிலிருந்து 1.85க்கு இறங்கும், இமை வரை போகாது. 15 × 10 அங்குலப் பிரிண்டை 400 டிபிஐயில் ஸ்கேன் செய்தது இது. 800இல் எடுத்தால் 12000 × 8000 வரும். ஆனால் காகிதப் பிரிண்டில் அவ்வளவு நுணுக்கம் பெரும்பாலும் இருக்காது, காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும்.

நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.