கடல்தண்ணீரும் காட்பாடி வெயிலும்

போன மாதம் மாமல்லபுரம் போனபோது இரண்டு கேனில் கடல்தண்ணீர் பிடித்து வந்தேன். "என்னடா, கடலையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்றார் அம்மா. வாணியம்பாடி பக்கம் இருக்கும் தாத்தா வீட்டுக் கிணறு, தோல் தொழிற்சாலைக் கழிவால் உப்பேறிப் போனது. பாலாற்றங்கரையில் பல ஊர்களின் கதை இது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வழக்கும் இதுதான். கடல்தண்ணீரிலிருந்தே உப்பைப் பிரிக்க ஒரு வழி கிடைத்தால் அந்தக் கிணற்றுக்கும் கிடைக்கும் என்று ஆரம்பித்தேன்.

முதலில் தேத்தாங்கொட்டை. கல்லில் உரசி, கலங்கலாக இருந்த தண்ணீரில் கலந்து வைத்தேன். காலையில் பார்த்தால் பளிங்கு மாதிரி தெளிந்திருந்தது. சரி, உப்பு? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டர், லிட்டருக்கு 9,990 மில்லிகிராமுக்கு மேல் காட்டாது. அதனால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து அளந்து, பத்தால் பெருக்கினேன். முன்பும் 31,000, பின்பும் 31,000. முருங்கை விதைத் தூளிலும் அதே எண்தான். விதையின் புரதத்துக்கு நேர் மின்னூட்டம், களிமண் துகளுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. உப்பு அப்படியில்லை, தண்ணீரோடு கரைந்தே கிடக்கிறது. கரியும் மணலும்கூட அதைப் பிடிக்காது. முருங்கை விதை உப்பை எடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம்தான் வெயிலை நம்பினேன். காட்பாடி வீட்டு மொட்டை மாடியில் அகலமான மண் தொட்டி, அதன்மேல் சாய்வாகப் பழைய ஜன்னல் கண்ணாடி. வெயிலில் ஆவியாகும் தண்ணீர் கண்ணாடிக்கு அடியில் துளியாகப் படியும், உப்பு கீழேயே தங்கிவிடும். மூன்றாம் நாள் தொட்டியின் வெளிப்பக்கம் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. விரலால் தேய்த்தால் நறநறவென்று உதிர்ந்தது. மண்ணின் நுண்துளை வழியாக உப்புத்தண்ணீர் கசிந்திருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி கறுப்பு பிளாஸ்டிக் டிரேக்கு மாறினேன்.

அடுத்த சிக்கல் சாய்வு. கண்ணாடிக்கு அடியில் துளிகள் முத்து முத்தாகச் சேர்ந்து, ஓரத்துக்கு வழிந்து வராமல் நடுவிலேயே டிரேக்குள் சொட்டின. பின்பக்கம் இன்னொரு செங்கல் வைத்து உயர்த்தியதும் கோடு போட்டதுபோல் வழிந்து, பாதியாகப் பிளந்த மூங்கில் குழாயில் விழுந்தன. நாளுக்கு 600 மில்லி. டிரேக்குள் கொட்டாங்கச்சிக் கரியும் தேங்காய் நாரும் பரப்பியபின் 850. கரி சூட்டை வாங்குகிறது, நார் தண்ணீரை மேலே இழுத்துப் பரப்பிக் கொடுக்கிறது.

சேர்ந்த தண்ணீரின் டிடிஎஸ் 28. அம்மா நாக்கில் வைத்துப் பார்த்து, "மழைத்தண்ணி மாதிரி சப்புனு இருக்குடா" என்றார். அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை.

தாத்தா பாட்டி இரண்டு பேர் குடிக்க ஐந்து லிட்டர் என்று வைத்தாலும் ஆறு டிரே வேண்டும். ஒன்று ஓடுகிறது. மூன்றுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது, இன்னும் இரண்டுக்குத் தேடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் எடுத்து வந்து இந்த டிரேயில் ஊற்றப் போகிறேன்.