பால்சுறா ஆகாதாம்!

அரசாங்கத்திடம் கைநீட்டுவது என் அக்காவுக்கு அறவே பிடிக்காது. அரசாங்கமே வந்து கையில் திணித்தால் அது வேறு கதை. 2025 மே மாதம் சிங்கப்பூரில் செலவைச் சமாளிக்க அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வீட்டுக்கு 500 வெள்ளிக்கு வந்ததே, அன்று காலை கோப்பி ஆறுவதற்குள் அரசாங்கச் சேவைகளுக்கான அத்தானின் சிங்பாஸ் கணக்கில் நுழைந்து எடுத்து முடித்துவிட்டாள். 250 பேரங்காடிக்கு, 250 உணவங்காடிக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் என்று அரசாங்கம் பிரித்துக் கொடுத்ததை அவள் மறுபடியும் பிரித்தாள். அரிசி எண்ணெய்க்கு இவ்வளவு, அத்தானின் ரொட்டி பிராட்டாவுக்கு இவ்வளவு, அதற்கு மேல் அவர் கேட்கக்கூடாது.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் அவள் மகள் ஒஹாயோவிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, கவர்மெண்ட்ல சாப்பாட்டு உதவிக்கு எழுதிப் போடப்போறேன்" என்றாள்.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

மாப்பிள்ளை அங்கே பிஎச்டி படிக்கிறார். பல்கலைக்கழகம் கொடுக்கும் சம்பளத்தில் வாடகை போக மிச்சம் கொஞ்சம்தான். இவள் வந்திருக்கும் விசாவில் வேலைக்குப் போக முடியாது. மாசமோ ஏழு. மருத்துவமனையில் யாரோ 'விக்' என்று ஒரு திட்டம் இருக்கிறதே, ஏன் கேட்கவில்லை என்றிருக்கிறார்கள். வருமானம் குறைந்த கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், ஐந்து வயது ஆகாத குழந்தைகள் ஆகியோருக்கான அமெரிக்க விவசாயத் துறையின் சத்துணவுத் திட்டம் அது. 1972ல் சோதனையாக ஆரம்பித்து 1975 அக்டோபரில் நிரந்தரமாக்கினார்கள். இந்தியாவில் அங்கன்வாடித் திட்டம் வந்ததும் அதே 1975 அக்டோபரில்தான். இதை நான் எடுத்துச் சொன்னபோது அக்கா முறைத்த முறைப்பில் பேச்சை மாற்றிவிட்டேன்.

"நம்ம வீட்டுப் பொண்ணு போயும் போயும் அமெரிக்காக்காரன்கிட்ட பால் வாங்கிக் குடிக்கணுமா? யார் காதிலயாவது விழுந்தா என்ன ஆகும்?"

"நீ பற்றுச்சீட்டுல பால் வாங்கலையா?"

"அது நம்ம கவர்மெண்ட். அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று அத்தானும் கேட்டார். பதில் வரவில்லை, அவருடைய பிராட்டா ஒதுக்கீடு குறைந்தது.

இரண்டு விஷயம்தான் அவளைக் கொஞ்சம் அசைத்தன. இதை வாங்கினால் நாளைக்கு விசாவுக்கு வில்லங்கம் வருமா என்று பயந்தாள். விசாவுக்குப் பார்க்கும் அரசாங்க உதவிக் கணக்கில் விக் சேராது என்று மகள் சொன்னதும் பாதி இறங்கினாள். அடுத்தது ஆள் கணக்கு. வறுமைக்கோடு என்று அங்கே ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். அதில் 185 சதவீதம் வரை வருமானம் இருந்தால் கிடைக்கும். குடும்பம் பெரிதாக ஆக வரம்பும் கூடும். அதில் வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதாவது இவர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். அத்தானுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, பொறக்கிறதுக்கு முந்தியே என் பேரப்பிள்ளை குடும்பத்துக்கு ஒத்தாசை பண்ணுது" என்று இரண்டு பிளாக் தள்ளி இருக்கும் நண்பர்வரை சொல்லிவிட்டு வந்தார். ரகசியம் கட்டிக் காப்பாற்றப்பட்ட லட்சணம் இது.

பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், சம்பளக் கடிதம் எல்லாம் அனுப்பியாயிற்று. அப்புறம் சத்துணவு ஆலோசகரோடு போனில் ஒரு நேர்காணல். அவர்களுக்குக் காலை பத்து, சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் அக்கா வீட்டில் இரவு பத்து. நானும் போயிருந்தேன், இந்த மாதிரி நிகழ்ச்சியை எல்லாம் தவறவிடலாமா. மகள் ஒரு போனில் அந்தம்மாவிடம் பேசுவது, இன்னொரு போனில் வாட்ஸ்அப் வழியாக நாங்கள் கேட்பது, வாயே திறக்கக்கூடாது. இதுதான் ஏற்பாடு.

பெயர், எடை, ரத்தத்தில் இரும்புச்சத்து என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் அந்தம்மா கேட்டார்: நேற்று முழுக்க என்னென்ன சாப்பிட்டாய்?

மகள் கொஞ்சம் யோசித்தாள். காலையில் ரொட்டியில் ஜாம். மத்தியானம் தயிர்சாதம், உருளைக்கிழங்கு சிப்ஸ். ராத்திரி இன்ஸ்டன்ட் மீ நூடுல்ஸ்.

"அடிப்பாவி!"

ஈசூனிலிருந்து ஒஹாயோவுக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

"முருங்கைக்கீரை சூப்பு குடிச்சேன்னு நேத்து எங்கிட்ட சத்தியம் பண்ணினியேடி! பேரீச்சம்பழம் ஊறவச்சுத் தின்னேன்னியே! மீயாடி தின்னே, மீயி!"

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் மூச்சே இல்லை. பிறகு ஆலோசகர் மெதுவாக, அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா, நீ பாதுகாப்பாகத்தான் இருக்கிறாயா என்று கேட்டார். "என் அம்மா. சிங்கப்பூர்ல இருக்காங்க" என்றாள் மகள். அவ்வளவு தூரத்திலிருந்தா என்று ஆச்சரியப்பட்ட அந்தம்மா, அக்காவையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார். உங்கள் வீட்டில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக என்ன கொடுப்பீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கீரை, பேரீச்சை, பூண்டு, மாதுளை என்று வரிசையாகச் சொன்னாள். அங்கே எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு ஊக்கம் வந்துவிட்டது. "பிள்ளை பெத்ததும் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டு. நான் ஜூன் கடைசியில வரும்போது கருவாடாக் கொண்டாரேன், இப்பவே தின்ன ஆரம்பிக்கலாம்."

எழுதும் சத்தம் நின்றது.

சுறாவா? கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன் பட்டியலில் சுறா இருக்கிறதாம், வாள்மீனும்கூட. சின்ன மீனைப் பெரிய மீன் தின்று, அதை இன்னும் பெரியது தின்று, கடைசியில் கடலில் உள்ள பாதரசமெல்லாம் சுறா உடம்பில் சேர்ந்துவிடுகிறது. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது கெடுதல். மத்தி, நெத்திலி என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சாப்பிடலாம் என்றார்.

"எங்கம்மா தின்னு என்னைப் பெத்தாங்க, நான் தின்னு இவளைப் பெத்தேன். எங்களுக்கெல்லாம் மூளைக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அக்கா. மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிராட்டா ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார்.

விக் அட்டை வந்தது. இரவல் வாங்கின பொருளைக் காட்டுவதுபோல மகள் கூச்சத்தோடு அதைக் கேமராவில் காட்டினாள். காசு எடுக்க முடியாது, பட்டியலில் உள்ள பொருளை மட்டும் கடையில் எடுக்கலாம். நமக்குச் சனிக்கிழமை காலை, அவளுக்கு வெள்ளி இரவு, பேரங்காடியில் நடந்துகொண்டே வீடியோவில் வந்தாள். போனில் ஒரு செயலி. பொருளின் கோடுகளைப் படம் பிடித்தால் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்லும். முழுக் கோதுமை ரொட்டிதான், அதுவும் அவர்கள் சொன்ன எடையில். சீரியல் எல்லாம் கிடையாது, குறிப்பிட்ட சிலதுதான். பாலை எடுத்தாள், செயலி மாட்டேன் என்றது. பெரியவர்களுக்குக் கொழுப்பு குறைத்த பால்தானாம்.

"கொடுக்கிறதும் கொடுத்துட்டு, தண்ணிப் பாலையா கொடுப்பான்?"

முட்டை கிடைத்தது, வேர்க்கடலை வெண்ணெய் கிடைத்தது. காய்கறி பழத்துக்கு மட்டும் மாதம் தனியாக ஒரு தொகை, அதில் எந்தக் கீரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றதும் அக்கா முகம் கொஞ்சம் மலர்ந்தது. அப்புறம் மகள் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். மைசூர்ப் பருப்பு.

"பருப்பு தர்றானா?" அக்கா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். "நிஜமாவா? சாம்பார் வைக்கிற பருப்பு?"

"ஆமாம்மா. பழுப்பரிசி கூட எடுக்கலாம்."

"அப்ப நல்ல கவர்மெண்ட்தான்."

விவகாரம் அத்தோடு முடிந்தது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினவள், இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களிடம்கூட, "என் மகளுக்கு அமெரிக்கா கவர்மெண்ட்டே பருப்பு கொடுக்குது" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அது ஏதோ விருது என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள்.

போன ஞாயிறு அவளோடு தேக்கா சந்தைக்குப் போனேன். ஈரத் தரையில் வழுக்காமல் நடந்து, வழக்கமாக வாங்கும் மீன்காரரிடம் நின்றாள். அவர் பார்த்ததுமே, "வாங்கக்கா, பால்சுறா வந்திருக்கு, மகளுக்குத்தானே?" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாலிலிருந்து தலைவரை பார்த்தாள். "தம்பி, இதுல பாதரசம் எவ்வளவு இருக்கும்?"

அவர் மீனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"அதெல்லாம் தனியா வராதுக்கா. சேர்த்துத்தான் எடை போடுவோம்."

ஒரு கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தோம்.