மஸ்கட் பைசா நின்ற பிறகு

ஜூன் 4, 2025

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் யூனிபார்ம் நானே தைத்ததால் துணிக்காசு மட்டும்தான் செலவு. நோட்டு, பை, பஸ் காசு எல்லாம் பிள்ளைகளின் அப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த கடைசிப் பைசாவில் போனது. கம்பெனியை மூடிவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளமும் சர்வீஸ் பணமும் அங்கேயே கிடக்கிறது. தூதரகத்துக்கு எழுதியிருக்கிறார். வரும்போது வரட்டும், அதை நம்பி அடுப்பு எரியாது.

ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவளின் பழைய கணக்கு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதினோம். வீட்டுக்கடன் 11 லட்சம். நகைக்கடன் 2.80 லட்சம். அவருடைய மாமா ஜாமீன் போட்ட சொசைட்டி கடன் இன்னும் 2.20 லட்சம். வட்டிக்கு வாங்கியது ஒன்றரை லட்சம், மூணு வட்டி. எடுத்துவிட்ட சீட்டில் பாக்கி 60 ஆயிரம். குழு லோன் 40 ஆயிரம். மளிகைக்கடைப் பற்றும் கைமாத்தும் சேர்ந்து இன்னொரு 40. மொத்தம் 19 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மாதாமாதம் கட்டவேண்டியது, நகை வட்டியைச் சேர்க்காமலே, 34 ஆயிரம். எனக்குத் தையலில் வருவது ஏழோ எட்டோ ஆயிரம்.

கூட்டிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை வாங்கி இன்னொரு தடவை கூட்டினார்.

ஜூன் 9

காலையிலிருந்து போன். பேங்க், சீட்டு, குழு. குழு வசூலுக்கு வரும் பையன்தான் அதிகம் சத்தம் போடுகிறான். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் சாயங்காலம் ஆறுக்குப் பின்னும் வசூல் கேட்டு வரவோ கூப்பிடவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதைச் சொன்னேன். ஆறு மணிக்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. பதிலாகக் குழுவில் இருக்கிற அக்காமார் கூப்பிட்டார்கள். நான் கட்டாவிட்டால் அவர்கள் போட்டுக் கட்டவேண்டும். மீன் விற்கப்போகிற அக்கா ஒருத்தி, "உனக்கு இல்லாத நேரந்தான் பிள்ளே, ஆனா எனக்க கையிலயும் இல்லியே" என்றாள். அவளிடம் எந்த விதியைச் சொல்ல? தையல் பைசாவில் குழுவுக்குக் கட்டிவிட்டேன்.

ஜூன் 14

இடவப்பாதி மழை விடாமல் பெய்கிறது. மாமியின், அதாவது இவருடைய அம்மாவின், பேரில் இருக்கிற நாற்பது சென்ட் ரப்பரில் பால்வெட்டு நின்றுபோய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டினால் மழையிலும் வெட்டலாம், ஆனால் அதற்கும் முதலில் கைப்பைசா வேண்டும். மாமிக்கு நாங்கள் நோட்டு போட்டது தெரிந்துபோய்விட்டது. "சக்கரம் இல்லாத வீட்டுல பேப்பரு எதுக்கு" என்று கேட்டுவிட்டு (சக்கரம் என்றால் மாமிக்குப் பைசா), மளிகைக்கடைப் பற்றில் நான் எழுதாமல் விட்ட இரண்டு இனத்தையும் சொன்னார்.

ஜூன் 18

வட்டிக்காரர் வந்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சிட்டவுட்டில் உட்கார்ந்து, கட்டன்சாயா கேட்டு வாங்கிக் குடித்தார். சீனி கொஞ்சம் கூடிப்போச்சு என்றார். பெரியவள் எந்த வகுப்பு, டியூஷன் எங்கே, முடிந்து எத்தனை மணிக்கு வருவாள் என்றெல்லாம் விசாரித்தார். புறப்படும்போது சட்டைப்பையைத் தட்டி, "செக்கு நம்ம கையில பத்திரமா இருக்கு" என்றார். கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக்கும் தொகை எழுதாத ஒரு புரோநோட்டும் அவரிடம் இருக்கின்றன.

இன்று டியூஷன் முடிந்து பெரியவளைக் கூட்டிவர இவர் போனார்.

ஜூன் 24

எங்கள் ஊரில் ஐ.பி. கொடுத்த, அதாவது கோர்ட்டில் திவால் மனுப் போட்ட, ஒருவர் உண்டு. ஜவுளிக்கடை வைத்திருந்தவர். "மஞ்சக் கடுதாசி கொடுத்தவன்" என்றுதான் இன்றைக்கும் அவரைச் சொல்வார்கள், பெயரைச் சொல்லமாட்டார்கள். நாமும் கொடுத்தால் என்ன என்று நேற்று ராத்திரி இவர் கேட்டார். அதை விசாரிக்கத்தான் இன்று குழித்துறை கோர்ட்டு வளாகத்துக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்கவேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருப்பதால் நான் போனேன். இவர் வெளியே டீக்கடையில் நின்றார்.

அங்கே இருந்த வக்கீலம்மா பொறுமையாகப் பேசினார். 2016இல் வந்த திவால் சட்டத்தில் எங்களைப் போன்ற தனி ஆட்களுக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லையாம். பழைய 1920ஆம் ஆண்டுச் சட்டப்படிதான் மனுப் போடவேண்டும். போட்டால் சொத்து கோர்ட்டு நியமிக்கிற ரிசீவர் கைக்குப் போகும். அவர் விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். வீட்டை அடமானமாக வைத்திருக்கிற பேங்குக்கு இந்த மனுவெல்லாம் தடை இல்லை, அது தன் வழியில் போகும். செக்கு திரும்பினால் வருகிற வழக்கையும் ஐ.பி. நிறுத்தாது, அது குற்ற வழக்கு.

எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று கேட்டேன். உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைத்தொழில் செய்கிறவரின் கருவி, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, இதையெல்லாம் ஜப்தி செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சொல்கிறதாம். "உங்க தாலியும் தையல் மிஷினும் உங்களுக்குத்தான்" என்றார். தாலியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மிஷின் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் ஜாமீனைக் கேட்டேன். கடன்காரருக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்குக் கிடைக்காது. சொசைட்டி நேராக மாமாவின் சம்பளத்தில் கைவைக்கும்.

ஜூன் 25

மாமா வாத்தியார். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வக்கீலம்மா சொன்னதைச் சொன்னதும், "அப்போ ஐ.பி. வேண்டாம்" என்று இவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சரி, எதை முதலில் கட்டுவது? யார் அதிகம் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்கு என்றுதான் கை போகும். நாங்கள் நோட்டில் வேறு மாதிரி வரிசை போட்டோம். நாம் கட்டாவிட்டால் இன்னொரு மனிதர் தலையில் விழுகிற கடன் முதலில். அப்படிப் பார்த்தால் சொசைட்டி, குழு, சீட்டு. அதற்கு அடுத்து செக்கு வைத்திருக்கிறவர். பேங்க் கடைசி. போன் என்னவோ பேங்கிலிருந்துதான் நிறைய வருகிறது. ஆனால் மூன்று மாதத் தவணை நின்றால்தான் வாராக்கடன் கணக்கில் சேர்ப்பார்கள், அதன்பிறகும் வீட்டில் கைவைக்க 60 நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். இதுவும் குழித்துறையில் கேட்டு வந்ததுதான்.

ஜூலை 2

நகையை விற்றோம்.

பவுன் விலை எழுபதாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. நாங்கள் வைத்தபோது இருந்த விலை எங்கேயோ கீழே. மீட்கப்போகிறோம் மீட்கப்போகிறோம் என்று மாதாமாதம் வட்டி ஏற்றிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்பது பவுனில் கொஞ்சத்தை விற்று மொத்தக் கடனையும் அடைப்பது நல்லது என்று நான்தான் சொன்னேன். அடகில் இருப்பதை மீட்காமல் விற்க முடியாது, மீட்கக் கையில் பைசா இல்லை. இதற்கென்றே மார்த்தாண்டத்தில் கடைகள் இருக்கின்றன. ஆளே பைசாவோடு பேங்குக்கு வந்து கட்டி, நகையை வாங்கிக்கொண்டு நம்மையும் கடைக்குக் கூட்டிப்போகிறார்.

கடையில் ஒரு வயதானவர் ஒவ்வொன்றாக உரைகல்லில் இழுத்து, சொட்டு விட்டுப் பார்த்தார். கல் வைத்த வளையலில் கல்லுக்கும் உள்ளே இருக்கிற அரக்குக்கும் எடை கழித்தார். அம்மா போட்ட இரண்டு வடச் சங்கிலியை இழுத்தபோது மட்டும் தலையைத் தூக்கி, "பழைய உருப்படி, கொள்ளாம்" என்றார். ஆறரைப் பவுன் கொடுத்தோம். கழிவு போக 4.55 லட்சம். பேங்குக்கு அசலும் வட்டியும் 3.10 போனது. சங்கிலி போய்விட்டது. பெரியவளுக்கென்று வைத்திருந்த ஜிமிக்கியும் ஒரு வளையலும் வீட்டுக்கு வந்தன.

மாமி ஜிமிக்கியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார். லாக்கர் வாடகை மிச்சம்.

ஜூலை 3

மீதி 1.45 லட்சத்தோடு ஐயாயிரம் சேர்த்து வட்டிக்காரரின் அசலைக் கொண்டுபோனோம். மாமாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் சாட்சிக்கு வந்தார்கள். எண்ணி வாங்கினார். ஒரு செக்கையும் புரோநோட்டையும் நீட்டினார். இன்னொரு செக்கு எங்கே? தேடவேண்டும், இந்த மாத வட்டியோடு வாங்கிக்கலாம் என்றார்.

நான் இன்று பேசுவதாக இல்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2003இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று வருஷம் வரை ஜெயில், பைசாவைக் கோர்ட்டில் கட்டிக் கணக்கை முடிக்கவும் வழி இருக்கிறது, குழித்துறையில் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்த்தார். அவருடைய மகன் மாமாவிடம் படித்தவனாம். உள்ளே போய் செக்கை எடுத்து வந்தார். சட்டத்துக்குப் பயந்தாரா வாத்தியாருக்கா என்பது எனக்குக் கவலை இல்லை.

ஜூலை 15

பேங்க் மேனேஜரைப் பார்த்தோம். நல்ல மனுஷன், ஆனால் நாமாகக் கேட்காமல் எதையும் சொல்வதில்லை. ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியைப் போன மாதம் 5.5 சதவீதத்துக்குக் குறைத்ததால் எங்கள் கடனுக்கும் வட்டி இறங்கியிருக்கிறது, ஆனால் தவணைத் தொகை அப்படியேதான் இருக்கிறது. நின்ற தவணைகளைக் கட்டிவிட்டு, காலத்தை 14 வருஷமாக நீட்டச் சொல்லி எழுதிக்கொடுத்தோம். மாதம் 14,500 என்பது 11,200 ஆகும். மொத்தத்தில் கூடுதல் வட்டி போகும், தெரியும். இவருக்கு இப்போது 44. முடியும்போது 58.

சம்பளச் சீட்டு கேட்டார்கள். இனி அதற்கு ஒரு வேலை வேண்டும்.

ஆகஸ்ட் 6

வேலை கிடைத்தது. நாகர்கோவிலில் ஏசி ரிப்பேர் கடை, மாதம் 22 ஆயிரம். மஸ்கட்டில் வாங்கியதில் பாதிகூட இல்லை. அவருக்கு அது பெரிதில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "லீவு எப்ப முடியுது? எப்ப திரும்பிப் போறே?" என்று கேட்கிறார்களே, அதுதான் தாங்கவில்லையாம். எங்கள் ஊரில் கல்ஃப்காரன் வீட்டில் இருந்தால் லீவுதான், வேறு காரணமே கிடையாது.

ஆகஸ்ட் 29

ஓணம் வருகிறது. கேரள வியாபாரிகள் ஏத்தன் குலைக்கு ஊர் ஊராக அலைகிறார்கள். மாமி ரப்பருக்கு ஓரமாக நட்டு வளர்த்த வாழை இந்த வருஷம் சொல்லிவைத்த மாதிரி தள்ளியிருந்தது. குலை விற்ற பைசாவில் மளிகைக்கடைப் பற்றை மாமியே நேரில் போய்த் தீர்த்துவிட்டு வந்தார். எவ்வளவு என்று எங்களிடம் சொல்லவில்லை. நோட்டில் அந்த வரியை அடிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

சொசைட்டி தவணை இரண்டு மாதமாக ஒழுங்காகப் போகிறது. சீட்டு இன்னும் இழுக்கிறது.

செப்டம்பர் 9

ஒரு ஏஜென்ட் இவரைக் கூப்பிட்டிருக்கிறான். கத்தாரில் ஏசி மெக்கானிக், நல்ல சம்பளம், விசா ரெடி, ஒரு லட்சத்து இருபதாயிரம் கொண்டுவா என்று. சாயங்காலம் முழுக்க வீட்டில் அதே பேச்சு. மாமிக்குப் போகட்டும் என்று இருக்கிறது. இவருக்கு ஆசை இருக்கிறது, பைசா இல்லை. ஜிமிக்கி இருக்கிறதே என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை, மாமி மட்டும் அரிசிப் பானை இருக்கிற பக்கம் ஒருதரம் பார்த்தார்.

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30 ஆயிரமும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசு விதி. பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்த்தால் ஆள் உண்மையா என்று தெரியும். அந்த எண்ணைக் கேளுங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். உடனே கூப்பிட்டுக் கேட்டார். மீட்டிங்கில் இருக்கிறேன், ஐந்து நிமிஷத்தில் கூப்பிடுகிறேன் என்றானாம். இப்போது மணி பத்தரை. காலையில் இவருக்கு ஏழு மணி நாகர்கோவில் பஸ்.