நாத்திகர் இறந்தால் ஆத்திகக் குடும்பம் என்ன செய்வது?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கும்பிடுகிறவரும் கும்பிடாதவரும் ஒரே பானைச் சோற்றைத் தின்று நாற்பது வருடம் ஓட்டிவிடுவார்கள். ஒரு சுவரில் பெரியார், எதிர்ச்சுவரில் முருகன். ஆடிக்கூழ் ஊற்றினால் பெரியார் கட்சிக்காரரும் ஒரு சொம்பு குடிப்பார். சிக்கல் வெடிப்பது சாவன்றைக்குத்தான். அதுவரை எட்டிப் பார்க்காத பங்காளி வந்து, "வாய்க்கரிசி போடாம எப்படி அனுப்புறது அண்ணி, ஊர் என்ன பேசும்?" என்பார். தோழர்கள் வாசலில் நின்று, "சடங்கு செஞ்சா அவரோட கொள்கையைக் கொன்ன மாதிரி" என்பார்கள். ஃப்ரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் இரண்டு தரப்பும் எதுவும் கேட்பதில்லை.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்று உண்டு. உடலை என்ன செய்வது என்பதில் இறந்தவர் சொல்தான் செல்ல வேண்டும். எப்படித் துக்கம் காப்பது என்பதில் இருப்பவர்கள் சொல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் நடுவீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

கும்பிடாதவர்களின் போலித்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றித்தான் பேச்சே குறைவு. டீக்கடையிலும் வாட்ஸாப்பிலும் "என் சாவுக்கு ஐயர் வரக்கூடாது" என்று முழங்குகிறவர்களில் எத்தனையோ பேர் அதை ஒரு தாளில் எழுதி வைப்பதில்லை. மனைவியோடு உட்கார்ந்து பேசுவதும் இல்லை. தான் வாழ்நாளெல்லாம் போட்டிருக்க வேண்டிய சண்டையைத் தாலி கட்டிக்கொண்டவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதில் கொள்கை எங்கே இருக்கிறது?

உயிலில் எழுதியிருக்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று: உயிலைப் பிரித்துப் படிப்பது பெரும்பாலும் காரியமெல்லாம் முடிந்த பிறகுதான். அதற்குள் கொள்ளி வைத்து, சாம்பலும் கரைத்திருப்பார்கள். ஆகவே தனித்தாள் வேண்டும். ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"எனக்கு மதச் சடங்கு எதுவும் வேண்டாம். கண்களைக் கண் வங்கிக்கும், உடலை இன்ன மருத்துவக் கல்லூரிக்கும் கொடுக்கவும். கல்லூரி ஏற்காவிட்டால் மின் மயானத்தில் எரிக்கவும். இதை நிறைவேற்றும் பொறுப்பு என் மகளுடையது. என் மனைவி வீட்டில் விளக்கேற்றவோ படையல் போடவோ விரும்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்காகவே மனைவி மற்ற வரிகளுக்கும் துணை நிற்பார். சாட்சிக் கையெழுத்து இரண்டு, அதில் ஒருவர் நெருங்கிய உறவினர். உறுப்பு தானத்துக்கான 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான் கேட்கிறது. சாட்சியாகச் சடங்கில் பிடிவாதமான தம்பியையோ மைத்துனரையோ பிடித்துப் போடுங்கள். கையெழுத்துப் போட்டவர் அன்றைக்கு எதிர்த்து நிற்கக் கூச்சப்படுவார். ஒரு நகல் கல்லூரியில், ஒன்று பொறுப்பாளரிடம், ஒன்று ஆதார் இருக்கும் அதே ஃபைலில். பீரோ லாக்கர் வேண்டாம், சாவி தேடுவதற்குள் நேரம் போய்விடும்.

முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி வைத்தால் நடக்கும் என்பதற்குப் பெங்களூரே சாட்சி. 2019 ஜூன் 10 அன்று கன்னட நாடக ஆசிரியர் கிரிஷ் கர்னாட் இறந்தபோது அவர் விரும்பியபடியே சடங்கு இல்லை, ஊர்வலம் இல்லை, அரசு மரியாதைகூட வேண்டாமென்று குடும்பம் சொல்லிவிட்டது. நேராகக் கல்பள்ளி மின் மயானம்.

இனி, கண்ணை எடுத்தாக வேண்டிய அந்த முதல் ஆறு மணி நேரம். வீட்டில் உயிர் போனால் முதல் வேலை டாக்டரைக் கூப்பிட்டு மரணச் சான்று வாங்குவது. அது இல்லாமல் கல்லூரியும் வாங்காது, மயானமும் வாங்காது. உடனே கண் வங்கிக்குப் போன். அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு அடியில் தலையணை கொடுத்து உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஃபேன் காற்றில் கருவிழி காய்ந்து வீணாகிவிடுகிறது. கூட்டம் புழுங்குகிறது என்று யாராவது திரும்பத் திரும்பப் போட்டுவிடுவார்கள், சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்துங்கள். கண் எடுக்க சுமார் இருபது நிமிடம் போதும். முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர் கண்ணும் ஆகும்.

"கண்ணை எடுத்தா அடுத்த ஜென்மத்துல குருடாப் பொறப்பாரே" என்று பெரியம்மா அழுதால் அவரிடம் பகுத்தறிவு வகுப்பு எடுக்காதீர்கள். காளத்தியில் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பரை நாயன்மார் வரிசையில் வைத்துத்தானே கும்பிடுகிறோம் பெரியம்மா என்று சொல்லுங்கள். கன்னட நடிகர் ராஜ்குமார் 2006-லும் அவர் மகன் புனீத் 2021-லும் இறந்தபோது கண் கொடுத்த குடும்பம் அது என்பது பெங்களூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உடல் தானத்தில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். விபத்து, தற்கொலை என்றால் போஸ்ட்மார்ட்டம் உண்டு, அறுத்த உடலைக் கல்லூரி எடுக்காது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைத் தொற்று, முற்றிய படுக்கைப் புண் இருந்தாலும் மறுப்பார்கள். மூன்றாவதுதான் கொடுமை: எல்லாத் தாளும் சரியாக இருந்தும் மகனோ மனைவியோ அந்த நேரத்தில் "வேண்டாம்" என்றால் கல்லூரி வம்பில் மாட்டிக்கொள்ளாமல் திரும்பிவிடும். அதனால்தான் மாற்று ஏற்பாட்டையும் தாளில் எழுதச் சொன்னேன். இரவு, ஞாயிற்றுக்கிழமையில் யார் போன் எடுப்பார்கள் என்பதையும் உடற்கூறியல் துறையில் முன்பே கேட்டு வையுங்கள். செயின்ட் ஜான்ஸ் கத்தோலிக்கர் நடத்தும் கல்லூரி, நாத்திகர் உடலை அதுவும் ஏற்றுக்கொள்கிறது.

உடலைக் கொடுத்துவிட்டால் வழக்கமாகச் சாம்பல் திரும்பி வராது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பஸ்சிமவாகினியில் கரைக்க ஒன்றும் இருக்காது என்பதை அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாள் தெரிந்தால் அது அவருக்கு இரண்டாம் சாவு.

கும்பிடுகிறவர்கள் எதில் விட்டுக்கொடுக்கலாம்? உடல் வாசல் தாண்டும்வரை அவர் சொல். பதினாறாம் நாள் படத்துக்கு மாலை போட்டு, இலை போட்டு, அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைப் படைக்க யாரும் தடையில்லை. தோழர்கள் அன்றைக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், கிண்டல் வேண்டாம். "உடம்பு சட்டை மாதிரி, ஆத்மாதான் நிஜம்" என்று கீதையைச் சொல்லிக்கொண்டே அந்தச் சட்டைக்காக அண்ணன் மகளோடு மல்லுக்கு நிற்பது நம்பிக்கையே இல்லை, கௌரவம்.

இதே நியாயம் தலைகீழாகவும் பொருந்தும். சாமி கும்பிட்ட அம்மா இறந்தால், கும்பிடாத மகன் தன் கொள்கையை அவர் உடம்பின் மேல் காட்டக்கூடாது. அவர் கேட்டபடி நெய்ப்பந்தம், நீர்மாலை, குடம் உடைப்பது எல்லாம் நடக்கட்டும். தனக்கு மனசு ஒப்பவில்லையென்றால் தங்கையையோ பேரனையோ கொள்ளிக்கு நிறுத்தலாம். மந்திரம் சொல்லாமல் கூட நிற்கலாம், ஒன்றும் குறையாது. வில்சன் கார்டன் போன்ற மின் மயானத்தில் மேடையில் கிடைப்பது சில நிமிடம்தான், அடுத்த உடல் காத்திருக்கும். ஆகவே நீண்ட சடங்குகளை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காசையும் முன்பே பேசி முடியுங்கள், பிணத்தை வைத்துக்கொண்டு பேரம் நாறிப்போகும். பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரை வைத்து எடுத்துவிடுவது கட்டாயம், உலைக்குள் வெடிக்கும்.

கத்தோலிக்க வீடுகளுக்கு ஒரு வரி: எரிப்பதற்குத் திருச்சபை 1963-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் சாம்பலைத் தூவக்கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்பது 2016-இல் வந்த அறிவிப்பு. காவிரியில் கரைக்கலாம் என்று நினைக்கும் மகன் அம்மாவின் நம்பிக்கையை மீறுகிறான். முஸ்லிம் வீடுகளில் அடக்கம் சீக்கிரம் நடக்கும், பேசுவதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே பேச வேண்டும்.

சகித்துக்கொள்ள முடியாத ஒன்றும் உண்டு. இறந்தவருக்குச் செய்யும் சடங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். உயிரோடு இருப்பவள் மேல் செய்யும் சடங்கில் முடியாது. வளையல் உடைப்பது, பூவைப் பிய்ப்பது, பொட்டை அழிப்பது, தாலி அறுப்பது எல்லாம் அவள் வாயால் சரி என்று சொல்லாமல் நடக்கக்கூடாது. நாத்திகர் வீட்டிலும் இது நடக்கிறது. ஐயர் வேண்டாமென்று உறுதியாக நின்ற தோழர்கள் அன்றைய தினம் "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று வெளியே போய் பீடி பற்றவைப்பார்கள். வழக்கமாகப் பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ, விடியற்காலையில், ஆண்கள் எழுவதற்கு முன் முடித்துவிடுவார்கள். முந்தின இரவே மகள் அம்மாவிடம் தனியாகக் கேட்டு, அவர் சொன்னதை மூத்த அத்தையிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். கழற்ற வேண்டுமென்று அவரே விரும்பினால் அவர் கையாலேயே கழற்றட்டும். விரும்பாவிட்டால் மகளும் மருமகளும் அன்றிரவு அவர் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.